தண்ணீர்மலையிலிருந்து சுங்கை பினாங் வரை: மூன்று வாளித் தண்ணீரில் சுற்றுச்சூழல் அறிவியல்

நீர்ப்பிடிப்புப் பகுதி, நைட்ரஜன் சுழற்சி, உணவுச் சங்கிலி, மாசுச் சுமை என்று பாடநூல் தனித்தனி அத்தியாயமாகப் பிரித்து வைத்திருப்பதை, ஓர் ஆற்றின் மூன்று இடங்களில் தண்ணீர் எடுத்துப் பார்த்தால் ஒரே வாரத்தில் சேர்த்துப் படித்துவிடலாம். மலேசியாவின் பினாங்குத் தீவில் அதற்கு வாகான ஆறு இருக்கிறது. கொடிமலைச் சரிவில் இறங்கும் நீர் தாவரவியல் பூங்கா வழியே சுங்கை ஆயர் தெர்ஜுனாக ஓடி, தண்ணீர்மலை வட்டாரத்தைத் தாண்டி, சுங்கை பினாங்கோடு கலந்து கடலுக்குப் போகிறது. மேலே பாறைமீது கண்ணாடிபோல் ஓடிய தண்ணீர், சில கிலோமீட்டர் தள்ளி மூக்கைப் பொத்த வைக்கிறது. இடையில் அதற்கு என்ன ஆனது என்று எண்களால் சொல்வதுதான் வேலை. இடைநிலைப்பள்ளி மாணவர்களும், தமிழ்ப்பள்ளி அறிவியல் கழக ஆசிரியர்களும் செய்யக்கூடிய அளவில்தான் இங்கே சொல்லியிருக்கிறது.

அளக்க எத்தனையோ இருக்கின்றன. நேரமோ பணமோ குறைவாக இருந்தால் நீரில் கரைந்துள்ள உயிர்வளியை (ஆக்சிஜனை) மட்டும் ஒழுங்காக அளந்தால் போதும். மற்ற அளவுகள் பெரும்பாலும் அந்த உயிர்வளி ஏன் குறைந்தது என்பதற்கான விளக்கங்களே. மலேசியச் சுற்றுச்சூழல் துறையின் நீர்த்தரக் குறியீடு ஆறு அளவுகளைச் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது. அதில் கரைந்த உயிர்வளிக்கே அதிக எடை, 0.22. அடுத்து உயிர்வேதி உயிர்வளித் தேவைக்கு (நுண்ணுயிரிகள் கழிவைத் தின்னச் செலவாகும் உயிர்வளி) 0.19, வேதி உயிர்வளித் தேவைக்கும் (கழிவை வேதிப்பொருளால் சிதைக்கச் செலவாகும் உயிர்வளி) மிதக்கும் திடப்பொருளுக்கும் தலா 0.16, அமோனியா நைட்ரஜனுக்கு 0.15, பி.எச்.சுக்கு 0.12. இவற்றில் வேதி உயிர்வளித் தேவையை விட்டுவிடுங்கள். மாதிரியை அமிலத்தோடு 150 பாகை செல்சியஸில் இரண்டு மணி நேரம் வேகவைக்க வேண்டும், அது ஆய்வுக்கூட வேலை.

முதலில் வரைபடம்

ஆற்றுக்குப் போவதற்கு முன் மேசையில் ஒரு வேலை. சம உயரக் கோடுகள் உள்ள வரைபடத்தை அச்சிட்டு, நீங்கள் மாதிரி எடுக்கப்போகும் இடத்தில் பென்சிலை வையுங்கள். அங்கிருந்து இரு பக்கமும் முகடுகளைப் பிடித்துக்கொண்டே மேலே ஏறுங்கள். 833 மீட்டர் உயரக் கொடிமலைப் பக்கம் போய் இரண்டு கோடுகளும் சந்திக்கும். அந்த வளையத்துக்குள் விழும் மழையெல்லாம் உங்கள் மாதிரியில் இருக்கிறது, வெளியே விழுவது இல்லை. இதுதான் நீர்ப்பிடிப்புப் பகுதி. கோடு ஆற்றைக் குறுக்கே வெட்டினால் எங்கோ முகட்டைத் தவறவிட்டிருக்கிறீர்கள். நகரத்துக்குள் இந்த முறை தடுமாறும், ஏனென்றால் அங்கே மழைநீர் முகட்டைக் கேட்டு ஓடுவதில்லை, லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) போகும் திசையில் ஓடுகிறது. அங்கே மட்டும் நடந்து பார்த்துத்தான் வரைய வேண்டும்.

அதே சமயம் மண் எவ்வளவு நீரை உறிஞ்சும் என்பதையும் பார்த்துவிடலாம். பெரிய மைலோ டின்னின் இரு முனைகளையும் வெட்டி எடுத்து, 5 சென்டிமீட்டர் மண்ணுக்குள் அழுத்தி, 500 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றி, எத்தனை நிமிடத்தில் வற்றுகிறது என்று பாருங்கள். முதல் முறை காய்ந்த மண் வேகமாகக் குடித்துவிடும், அதை எண்ண வேண்டாம், இரண்டாம் முறையை எழுதுங்கள். மரத்தடியிலும் பள்ளித் திடலிலும் செய்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும், பலர் காலடி பட்டு இறுகிய திடல் கிட்டத்தட்ட சிமெண்டுத் தரை மாதிரிதான். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கார் நிறுத்துமிடத்தில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 5,000 லிட்டர், அத்தனையும் சில நிமிடங்களில் கால்வாய்க்கு. 2017 நவம்பர் 4 வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

எங்கே, எப்போது

மேல் இடம் தாவரவியல் பூங்காவுக்குள், பாறைகள்மீது நீர் ஓடும் பகுதி. நிர்வாகத்திடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். உணவுப் பொட்டலத்தைப் பையின் மேல்புறம் வைக்க வேண்டாம், அங்குள்ள குரங்குகள் ஜிப்பைத் திறக்கத் தெரிந்தவை. நடு இடம், குடியிருப்பிலிருந்து முதல் பெரிய லோங்காங் வந்து சேரும் இடத்துக்குக் கீழே சுமார் 50 மீட்டர். சேரும் வாயிலேயே எடுத்தால் கரையோரம் சாக்கடையையும் நடுவில் ஆற்றையும்தான் அளப்பீர்கள், இரண்டும் கலக்கத் தூரம் வேண்டும். கீழ் இடம், ஜாலான் பி. ராம்லி வட்டாரத்தில் சுங்கை பினாங். அங்கே ஆயர் ஈத்தாம் பக்கமிருந்து வரும் நீரும் சேர்ந்திருக்கும் என்பதை மறக்கக்கூடாது. கீழே அமோனியா கூடியிருந்தால் அது முழுதும் தண்ணீர்மலைப் பக்கமிருந்து வந்தது என்று எழுதினால் தவறு.

பெரும்பாலான குழுக்கள் சறுக்குவது கீழ் இடத்தில்தான். அங்கே கடல் ஏற்றத்தின்போது உப்புநீர் ஆற்றுக்குள் ஏறி வரும். கடல்நீர் கழிவைக் கலைத்து எண்களைச் சுத்தமாகக் காட்டும், பி.எச். 8 பக்கம் ஏறும், அமோனியாச் சோதனையின் நிறம் மாறும். நாளொன்றுக்கு இரண்டு ஏற்றம், இரண்டு இறக்கம் வருகிற கடல் இது. ஓத அட்டவணை பார்த்து, இறக்கம் முடியப்போகும் கடைசி ஒரு மணி நேரத்தில் கீழ் இடத்துக்குப் போகும்படி நாளை அமையுங்கள். ஆகவே நேரம், நீரின் வெப்பநிலை, ஓதநிலை, முந்திய 48 மணி நேரத்தில் மழை பெய்ததா என்ற நான்கும் இல்லாத எந்த எண்ணையும் குறிப்பேட்டில் ஏற்க வேண்டாம்.

பாதுகாப்பில் இரண்டு விஷயத்துக்கு விட்டுக்கொடுக்கக் கூடாது. ஒன்று எலிக்காய்ச்சல். எலியின் சிறுநீர் கலந்த நீர் சிராய்ப்பு வழியே உடலுக்குள் போனால் வரும். கையுறை, மூடிய காலணி, காயத்தின்மேல் நீர்புகாத பிளாஸ்திரி, முடிந்ததும் சோப்பு. காலில் புண் உள்ளவர் குறிப்பெழுதும் வேலையைப் பார்க்கட்டும். இன்னொன்று மலாய்க்காரர்கள் கெப்பாலா ஆயர் என்று சொல்லும் திடீர் வெள்ளம். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும்போதே மலைமேல் பெய்த மழை சுவர்போல் இறங்கி வரும். நீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் குச்சியும் சேர்ந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கேட்டாலோ, கருவிகளை விட்டுவிட்டுக் கரையேறுங்கள். கீழ் இடத்தில் யாரும் கரையில் இறங்கக்கூடாது, பாலத்திலிருந்து கயிறு கட்டிய வாளிதான்.

உயிர்வளி: அவசரப்படாமல் செய்ய வேண்டிய பகுதி

வெப்பநிலையும் உயிர்வளியும் நின்ற இடத்திலேயே, மற்ற எதற்கும் முன்னால். போத்தலில் அடைத்துப் பள்ளிக்குக் கொண்டுபோனால் வழியிலேயே நுண்ணுயிரிகள் ஒரு பகுதியைத் தின்றுவிடும்.

துளிச் சோதனைப் பெட்டி ஒன்று போதும். அதற்குள் இருப்பது 1888-ல் விங்க்லர் என்ற ஹங்கேரிய வேதியியலாளர் வெளியிட்ட முறைதான். போத்தலை நீருக்குள் முழுதாக அமுக்கி, வாயை நீரோட்டத்துக்கு எதிராகச் சற்றுச் சாய்த்து, குமிழி நின்றதும் நீருக்குள்ளேயே மூடுங்கள். தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். கடுகளவு குமிழி இருந்தாலும் கொட்டிவிட்டு மறுபடி எடுக்க வேண்டும், காற்றில் உள்ள உயிர்வளி நீரில் உள்ளதைவிடப் பல மடங்கு அடர்த்தி. வாளியில் எடுத்த நீரைப் போத்தலில் சளசளவென்று ஊற்றுவதும் அதே தவறுதான். மீன்தொட்டிக் குழாய் ஒன்றைப் போத்தலின் அடிவரை விட்டு, வாளியிலிருந்து மெல்ல இறக்கி, போத்தல் இரண்டு முறை நிரம்பி வழியும் வரை விடுங்கள். குழாயை வாயால் உறிஞ்சித் தொடங்க வேண்டாம், நீருக்குள் அமுக்கி நிரப்பிக்கொள்ளுங்கள்.

பிறகு மாங்கனீசு சல்பேட்டும் கார அயோடைடு கரைசலும். நீரில் உயிர்வளி இருந்தால் பழுப்பு வீழ்படிவு, இல்லவே இல்லையென்றால் வெள்ளை. பாதியளவு படியும் வரை காத்திருந்து, மறுபடி கவிழ்த்துக் கலக்கி, இன்னொரு முறை படிய விடுங்கள். இதை அவசரப்படுத்தினால் எண் குறைவாக வரும். அமிலம் சேர்த்ததும் வீழ்படிவு கரைந்து தேநீர் மஞ்சளாகும். அந்த நிறம்தான் உயிர்வளியின் சாட்சி. பிறகு தயோசல்பேட்டைத் துளித்துளியாக விட்டு, மஞ்சள் வெளிறியதும் மாவுக் கரைசல் (ஸ்டார்ச்) சேர்த்து, நீலம் மறையும் துளியை எண்ணுங்கள். மாவை ஆரம்பத்திலேயே போட்டால் அயோடின் அதில் ஒட்டிக்கொண்டு முடிவைத் தள்ளிவிடும். இந்தக் கரைசல்களில் பல தோலை அரிப்பவை, அசைடு என்ற வேதிப்பொருள் சேர்ந்த பெட்டியில் நஞ்சும் உண்டு. கண்ணாடி அணிந்த பெரியவர் ஒருவர் கையாளட்டும்.

எண் கிடைத்ததும் நிறைவு அளவோடு ஒப்பிடுங்கள். கடல்மட்டத்தில் நன்னீர் 25 பாகை செல்சியஸில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் உயிர்வளியைத்தான் தாங்கும், 28 பாகையில் 7.8, 30 பாகையில் 7.6. உறைநிலையில் 14.6. அதாவது நம் வெப்ப நாட்டு ஆறு தொடக்கத்திலேயே ஐரோப்பிய ஆற்றைவிடச் சிறிய கையிருப்போடுதான் கிளம்புகிறது, அதே சமயம் வெப்பத்தில் நுண்ணுயிரிகளின் பசியும் கூடுகிறது. 28 பாகையில் 6.2 வந்தால் 79 விழுக்காடு. மலேசிய வகைப்பாட்டில் 7-க்கு மேல் முதல் வகுப்பு, 5 முதல் 7 இரண்டாம் வகுப்பு, 3 முதல் 5 மூன்றாம் வகுப்பு, 1 முதல் 3 நான்காம் வகுப்பு, அதற்கும் கீழ் ஐந்தாம் வகுப்பு.

நூறு விழுக்காட்டுக்கு மேல் வந்தால் உடனே கருவியைச் சந்தேகிக்க வேண்டாம், மகிழவும் வேண்டாம். வெயில் படும் சிமெண்டுக் கால்வாயில் பாசி தடித்திருந்தால் மதியம் மூன்று மணிக்கு அப்படி வரும். பாசி பகலில் உயிர்வளியைக் கொட்டும், இரவெல்லாம் அதுவே சுவாசித்துத் தீர்க்கும், விடியுமுன் எண் அடிமட்டத்தில் இருக்கும். முடிந்தால் நடு இடத்தில் காலை ஏழரைக்கும் மதியம் மூன்றுக்கும் இரண்டு முறை அளந்துவிடுங்கள். ஒளிச்சேர்க்கைக்கும் சுவாசத்துக்கும் இதைவிட நல்ல பாடம் வகுப்பறையில் இல்லை. ஊட்டச்சத்து மிகைப்பு என்ற கருத்தும் இங்கேயே வந்துவிடுகிறது, உரமும் சோப்பும் கழிவும் பாசிக்குச் சாப்பாடு.

இருட்டில் மூன்று நாள்

நீரில் உள்ள கரிமக் கழிவை நுண்ணுயிரிகள் தின்னும்போது எவ்வளவு உயிர்வளி செலவாகும் என்பதுதான் உயிர்வேதி உயிர்வளித் தேவை, சுருக்கமாக பி.ஓ.டி. ஒரே நீரில் இரண்டு போத்தல். ஒன்றை இன்று அளந்து, மற்றதை அலுமினியத் தாளில் சுற்றி இருட்டில் வைத்துப் பிறகு அளந்து, கழிக்க வேண்டும். தாள் சுற்றாவிட்டால் பாசி உள்ளே உயிர்வளி தயாரித்துக் கணக்கைக் கெடுக்கும்.

உலக வழக்கம் 20 பாகையில் ஐந்து நாள். 1912-ல் பிரிட்டிஷ் அரச ஆணையம் வகுத்த தரத்திலிருந்து வந்த வழக்கம் இது. பிரிட்டிஷ் ஆறுகள் கடலைச் சேர அதிகபட்சம் ஐந்து நாள் என்பதே காரணமாகச் சொல்லப்படுகிறது. நம் ஆறு சில மணி நேரத்தில் கடலைப் பார்த்துவிடும். மலேசியாவில் செம்பனை ஆலைக் கழிவுக்கு 30 பாகையில் மூன்று நாள் என்ற முறை நடப்பில் இருக்கிறது. குளிர்பதனப் பெட்டி இல்லாத பள்ளிக்கு அதுதான் பொருத்தம். மூடிய அலமாரிக்குள் 28 முதல் 30 பாகை சாதாரணமாக இருக்கும். எந்த முறை என்பதை எண்ணோடு சேர்த்தே எழுதுங்கள்.

மேல் இட நீரை அப்படியே அடைக்கலாம். கீழ் இட நீரை அப்படியே அடைத்தால் மறுநாளே உயிர்வளி தீர்ந்து, மூன்றாம் நாள் பூச்சியம் வரும், பூச்சியத்திலிருந்து எதையும் கணக்கிட முடியாது. ஒரு பங்கு ஆற்றுநீர், நான்கு பங்கு கடையில் வாங்கிய மினரல் வாட்டர் என்று கலந்து, மீன்தொட்டிக் காற்றுக் குழாயால் அரை மணி நேரம் காற்றூட்டி அடையுங்கள். குழாய்நீர் வேண்டாம், அதிலுள்ள குளோரின் தின்ன வேண்டிய நுண்ணுயிரிகளையே கொன்றுவிடும். தொடக்கம் 7.0, முடிவு 3.4 என்றால் வித்தியாசம் 3.6, ஐந்தால் பெருக்கினால் 18. வித்தியாசம் 2-க்குக் குறையாமலும், முடிவில் மிச்சம் 1-க்குக் குறையாமலும் இருந்தால்தான் நம்பலாம். மலேசிய வகுப்பு எல்லைகள் ஐந்து நாள் முறைக்கானவை. அதில் 12-க்கு மேல் ஐந்தாம் வகுப்பு. மூன்று நாள் எண்ணைத் தோராயமாக மட்டும் ஒப்பிடுங்கள்.

கழிவு என்றதும் தொழிற்சாலைப் புகைபோக்கிதான் மாணவர்களுக்கு நினைவு வரும். பாலைச் சொல்லுங்கள். பாலின் பி.ஓ.டி. லிட்டருக்குச் சுமார் 100,000 மில்லிகிராம். ஒரு லிட்டர் கெட்டுப்போன பாலை லோங்காங்கில் ஊற்றினால் அது ஏறக்குறைய 12,800 லிட்டர் நல்ல ஆற்றுநீரின் உயிர்வளியை முழுதும் கேட்கும். நம் ஊரில் பல பழைய வீடுகளிலும் கடைகளிலும் கழிப்பறை நீர் கழிவுக்குழாய்க்குப் போனாலும், பாத்திரம் கழுவிய நீர் இன்னும் சாலையோர லோங்காங்குக்குத்தான் போகிறது. தே தாரிக் கடைப் பின்புறத்தில் வெள்ளையாக ஓடுவதைப் பார்த்தால் கீழ் இடத்து எண் ஆச்சரியம் தராது.

அமோனியா

மீன்வளர்ப்புக் கடைச் சோதனைப் பெட்டி போதும், ஆனால் மூன்று விதத்தில் ஏமாற்றும். பெட்டி காட்டுவது பெரும்பாலும் மொத்த அமோனியம், அரசின் வகைப்பாடு நைட்ரஜனாகக் கேட்கிறது. 0.78-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். பெட்டியில் ஏற்கனவே நைட்ரஜன் என்று போட்டிருந்தால் பெருக்கக் கூடாது. நீரே பழுப்பாக இருந்தால் காப்பி வடிதாளில் வடித்து, மருந்து சேர்க்காத நீரை நிற அட்டையின் பின்னால் பிடித்து ஒப்பிடுங்கள். உப்புநீருக்குத் தனி நிற அட்டை உண்டா என்று கையேட்டைப் பாருங்கள். லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் வரை இரண்டாம் வகுப்பு, 0.9 வரை மூன்றாம் வகுப்பு, 2.7-ஐத் தாண்டினால் ஐந்தாம் வகுப்பு.

இந்த எண்ணை மறுபடி உயிர்வளியோடு கட்ட வேண்டும். பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும்போது, 1 மில்லிகிராம் நைட்ரஜனுக்கு 4.57 மில்லிகிராம் உயிர்வளி செலவு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன் இருந்தால், மற்ற கழிவே இல்லாமல் அது மட்டும் கிட்டத்தட்ட 7 மில்லிகிராம் உயிர்வளியை விழுங்கும். நைட்ரஜன் சுழற்சிப் படத்தில் உள்ள அம்புக்குறி ஒன்று மீனின் மூச்சை எப்படிப் பறிக்கிறது என்று இதைவிட எளிதாகக் காட்ட முடியாது. பி.எச்.சையும் பக்கத்திலேயே எழுதுங்கள். 25 பாகையில் பி.எச். 7 என்றால் மொத்த அமோனியாவில் நஞ்சான வடிவம் 0.6 விழுக்காடுதான், 8-ல் 5 விழுக்காட்டுக்கு மேல், 9-ல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். பினாங்கு மலை கருங்கல் மலை, அதன் நீரில் சுண்ணாம்பு மிகக் குறைவு. அதனால் மேல் இடத்தில் பி.எச். தாள் மெதுவாகத்தான் நிறம் மாறும், ஒரு நிமிடம் பொறுங்கள்.

பூச்சி சொல்லும் சாட்சி

வேதிச் சோதனை அந்த நிமிடத்தைச் சொல்லும், பூச்சி கடந்த பல வாரங்களைச் சொல்லும். மேல் இடத்தில் வலையை நீரோட்டம் போகும் பக்கம் பிடித்து, அதற்கு மேல்பக்கம் உள்ள கற்களைக் காலால் மூன்று நிமிடம் புரட்டி, வெள்ளைத் தட்டில் கொட்டுங்கள். தட்டையான உடலும் வயிற்றோரம் செவுள்களும் வாலில் இரண்டு மூன்று இழைகளும் உள்ள மேஃபிளை இளவுயிரி கிடைத்தால் நல்ல உயிர்வளி. சிறுகல்லால் கூடு கட்டிய புழுவும் நல்ல அடையாளம். பரவலாகப் பயன்படும் பிரிட்டிஷ் மதிப்பெண் முறையில் தட்டை மேஃபிளைக் குடும்பத்துக்கு 10, பல தும்பி இளவுயிரிகளுக்கு 8, அட்டைக்கு 3, சிவப்புப் புழுவுக்கு 2, சேற்றுப் புழுவுக்கு 1. கிடைத்த குடும்பங்களின் சராசரியைப் போடுங்கள், எண்ணிக்கை வேண்டாம். சிவப்புப் புழு சிவப்பாக இருப்பதே நம் இரத்தத்தில் உள்ளது போன்ற ஹீமோகுளோபினால்தான், உயிர்வளி குறைந்த சேற்றிலும் அது பிழைக்கும். பார்த்து முடித்ததும் எல்லாவற்றையும் எடுத்த இடத்திலேயே விடுங்கள்.

மீன் இருக்கிறது, ஆகவே தண்ணீர் சுத்தம் என்று யாராவது சொன்னால் எந்த மீன் என்று கேளுங்கள். இக்கான் பண்டாராயா என்று ஊரே அழைக்கும் தொட்டி துடைக்கும் மீன் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. மேலே வந்து காற்றை விழுங்கி வயிற்றாலேயே சுவாசிக்கும். கப்பி மீன் நீர்மட்டத்து மெல்லிய படலத்திலிருந்து மூச்செடுக்கும். இவை மட்டும் பெருகியிருந்தால் அது நலத்துக்குச் சான்று இல்லை, மற்ற மீன்கள் போய்விட்டதற்குச் சான்று.

செறிவும் சுமையும்

மழைக்குப் பின் அமோனியா குறைந்திருந்தால் ஆறு குணமாகிவிட்டது என்று மாணவர்கள் எழுதுவார்கள். ஓட்டத்தை அளக்காமல் அப்படி எழுதக் கூடாது. நேரான 10 மீட்டரை அளந்து, ஓர் ஆரஞ்சுப் பழத்தை மிதக்க விட்டு நேரம் பாருங்கள். பிளாஸ்டிக் பந்து காற்றில் ஓடும், ஆரஞ்சு பாதிக்கு மேல் மூழ்கி நீரோடு போகும். 25 விநாடி என்றால் வேகம் விநாடிக்கு 0.4 மீட்டர், அடியில் நீர் மெதுவாக ஓடுவதால் 0.85-ஆல் பெருக்கி 0.34. அகலம் 4 மீட்டர், ஐந்து இடத்தில் அளந்த சராசரி ஆழம் 0.3 மீட்டர் என்றால் விநாடிக்குச் சுமார் 408 லிட்டர். லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன் இருந்தால் நாளொன்றுக்கு 17.6 கிலோ. மழைநாளில் செறிவு பாதியாகி, ஓட்டம் நான்கு மடங்கானால் கடலுக்குப் போகும் சுமை இரட்டிப்பு.

கடைசியாகப் பாட்டில்கள். உயிர்வளிச் சோதனையின் கழிவையும் அமோனியாச் சோதனையின் கழிவையும் ஆற்றிலோ பள்ளித் தொட்டியிலோ கொட்ட வேண்டாம். ஒவ்வொன்றையும் தனித்தனி மூடியுள்ள பிளாஸ்டிக் புட்டியில் சேர்த்து, தேதியும் பெயரும் ஒட்டி, வேதியியல் ஆய்வுக்கூடப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். அசைடு உள்ள கழிவை அமிலக் கழிவோடு சேர்த்து வைக்கக் கூடாது, நச்சு வாயு வரும்.